இந்த வாரம் ஐயா என்ன செய்யறாரு?

பேப்பர்லிருந்துதானே வர்றீங்க, மேடம்? பார்த்த உடனே தெரிஞ்சு போச்சுங்க. லோன்காரங்கன்னா வண்டியில் ரெண்டு பேரா வருவாங்க. கணக்கெடுக்கிற டீச்சருங்கன்னா குடை பிடிச்சுட்டு வருவாங்க. ஒத்தையில் நோட்டும் பேனாவுமா எங்க கருக்கம்பாளையத்துக்கு வர்றது பேப்பர்காரங்கதான்.

ஐயா வீடு இதோ எதிர்லதானுங்க, அந்தப் பச்சைக் கதவு. சாப்பிட்டு மாத்திரை போட்டுப் படுத்திருக்காரு. மூணு மணிக்கு எழுந்திரிச்சிருவாரு. அதுவரைக்கும் இந்தச் சேர்ல உட்காருங்க. மோர் குடிங்க. உப்புப் பத்தலைன்னா சொல்லுங்க. ஐயா எழுந்திரிக்கிற வரைக்கும் எங்கிட்டயே கேளுங்க. பேர் கௌசல்யா. எளியோர் கட்சி மகளிர் அணிச் செயலாளர். அணியில் நானும் எங்க நாத்தனாரும் மட்டுந்தான், இருந்தாலும் பதவி பதவிதானுங்களே. ஐயாவைப் பத்திப் பேப்பர்ல வந்த எல்லாமே நான் எழுதிக் கொடுத்ததுதான். பன்னெண்டாவது வரைக்கும் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். கட்டுரைன்னா எனக்குத்தான் பரிசு வரும்.

டேய் தம்பி, மண்ணை வாயில வைக்காதடா. துப்பு. ஒரு நிமிசங்க மேடம்... ஆ காட்டு. ம். இவனுக்கு ஒண்ணே கால் வயசு. மூத்தவ தர்ஷிகா ஒண்ணாவது படிக்கிறா. அவ பள்ளிக்கூடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நீங்களும் தண்டவாளத்தைத் தாண்டித்தானே வந்தீங்க? செருப்புல ஜல்லித்தூள் இருக்குது பாருங்க.

முன்னாடி அங்கே கேட் இருந்துச்சுங்க. அதை மூடிட்டு அடியில் சுரங்கப்பாதை தோண்டினாங்க. தோண்டின வருசத்திலிருந்து ஒரு மழைக்கு இடுப்பளவு, ரெண்டு மழைக்குக் கழுத்தளவு. வடியறதுக்குப் பதினஞ்சு நாள் ஆகும், அதுக்குள்ள அடுத்த மழை வந்துரும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் எல்லாமே அந்தப் பக்கம். அதனால குழந்தைங்களெல்லாம் தண்டவாளத்து மேலயே ஏறி இறங்குதுங்க. நான் தினமும் இவனை இடுப்புல வச்சுட்டு, அவளைக் கையில பிடிச்சுட்டு, ரெண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து ஓடறேன். ரயில் வந்தா சத்தம் கேட்குமேம்பாங்க. இப்ப வர்ற ரயில் சத்தமே போடறதில்லீங்க, பக்கத்துல வந்ததுக்கப்புறந்தான் காத்தே அடிக்குது. போன மாசம் தர்ஷிகா செருப்பு கல்லுக்கிடையில மாட்டிக்கிச்சு. எடுக்கறேன்னு குனியறா. செருப்பை விட்டுட்டு அவளை மட்டும் இழுத்துட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

இதுக்குத்தானுங்க ஐயா போராடறது. சென்னியப்பன் ஐயா கரண்ட் ஆபீசுல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. எந்த மோட்டாரையும் சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு சொல்லிருவாரு. பதினோரு வருசமாக் கட்சி நடத்தறாரு. மாவட்டத்துல மொத்தம் நாப்பத்தியிரண்டு பேரு. ரெண்டு தடவை எலெக்சன்ல நின்னாரு. ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி, ஒரு தடவை கேரம் போர்டு. சின்னம் மாறினதுல போன தடவை போட்டவங்களே இந்தத் தடவை பழைய சின்னத்தைத் தேடிட்டு, போடாமத் திரும்பி வந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ஒன்றியச் செயலாளர். அவருக்குக் கொடி கட்டத் தெரியும், எழுத வராது. அதனாலதான் எழுதற வேலை எனக்கு.

ஐயா என்ன கண்டுபிடிச்சாருன்னா, சுரங்கப்பாதையில தண்ணி எடுக்கறதுக்குப் பத்து குதிரைச்சக்தி மோட்டார் ஒண்ணு வச்சாச்சு, ஓடிட்டு இருக்குதுன்னு ஃபைல்ல இருக்குதுங்களாமா. தண்ணி வடிஞ்சப்ப அங்கே போய்ப் பார்த்தா ஒரு சிமெண்ட் மேடை, அதுல நாலு போல்ட். மோட்டார் இல்லை. போல்ட்டுல ஸ்பானர் பட்ட தடமே இல்லை, ஒரு நாளும் எதுவும் மாட்டினதே இல்லைன்னு ஐயா சொல்றாரு. காண்ட்ராக்ட் எடுத்தவன் வைக்காமலே வச்சதா எழுதிட்டான், மேல இருக்கறவங்க கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஐயா அதை நாப்பத்தாறு பக்கத்துக்கு எழுதி, டவுன்ல ஒரு மண்டபத்து மாடியில பிரஸ்காரங்களைக் கூப்பிட்டுப் படிச்சாரு. முக்கால் மணி நேரம். வந்தது நாலு பேரு. அதுல ஒருத்தரு மண்டபத்துக்காரரோட மச்சான்.

அடுத்த நாள் பேப்பரைப் புரட்டினா ஒரு வரி இல்லைங்க. மறுபடி ஒரு தடவை கூப்பிட்டோம். அப்பவும் இல்லை. மூணாவது தடவை ஐயா பேர் வந்துச்சு. எதுலன்னு கேளுங்க. வேற ஒரு பெரிய கட்சிக்காரங்க ரத்ததான முகாம்ல. "சென்னியப்பன் உள்பட பலர் கலந்துகொண்டனர்"னு. ஐயா அன்னைக்கு அந்த ஊர்லயே இல்லை. எங்க வீட்டுக்காரர் அதைக் கத்தரிச்சு ஒட்டிக்கலாமான்னு கேட்டாரு. ஐயா அவரை ஒரு பார்வை பார்த்தாரு.

நான்தானுங்க நேரா நாகமாணிக்கம் அண்ணன்கிட்டப் போனேன். பஸ் ஸ்டாண்டுல செல்போன் ரீசார்ஜ் கடை வச்சிருக்காரு. எங்க தாலுகாவுக்கு அவர்தான் நிருபரு. நான் கொடுத்ததை மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, "அம்மிணி, படம் எங்கே?"ன்னாரு.

"ஐயா படம் வச்சிருக்கேனுங்களே அண்ணா."

"இது ஐயா மூஞ்சி. படம் எங்கே?"

நான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இங்க பாரு அம்மிணி. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு நூறு பேர் மனுவோட வர்றான். நான் யாரைப் போடறது? வெங்காய மாலை போட்டுட்டு வர்றானே, அவனைப் போடுவேன். உருண்டுட்டே வர்றானே, அவனைப் போடுவேன். பெரிய கட்சித் தலைவர் தும்மினாலே படம். உங்க ஐயா மாதிரி ஆளு தலைகீழா நின்னாத்தான் படம். நான் என்ன பண்றது, மேல இருக்கறவன் நூதனமா இருக்குதான்னுதான் கேட்கறான்."

எனக்கு உடனே புரிஞ்சு போச்சுங்க மேடம். குழந்தைக்குச் சோறு ஊட்டறவளுக்கு இது புரியாதா? வாயைத் திறக்கலைன்னா காக்காயைக் காட்டணும். அது காக்காயைப் பார்த்து வாயைத் திறக்கும், நாம சோத்தை உள்ள வச்சிரணும். அவ்வளவுதானுங்களே விசயம்?

முதல்ல காகிதக் கப்பல். சுரங்கப்பாதைத் தண்ணியில ஐயா குனிஞ்சு கப்பல் விடணும். ஐயா கேட்டாரு, "கப்பல் விடறதுக்கா அம்மிணி நான் கட்சி ஆரம்பிச்சேன்?"

"ஒரே ஒரு தடவைங்க ஐயா. படம் வந்தா, படத்துக்கடியில மோட்டார் விசயம் வந்துரும்."

படம் வந்துச்சுங்க! நாலு பத்தி அகலத்துக்கு! ஐயா வெள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, சின்னக் குழந்தையாட்டம் கப்பல் விடறாரு. ஊரே வாங்கிப் பார்த்துச்சு. மோட்டார் விசயம் மட்டும் வரலை. படம் பெருசாப் போனதால எழுத்துக்கு இடம் பத்தலையாமா. அடுத்த தடவை சரியா வரும்னு நாகமாணிக்கம் அண்ணன் சொன்னாரு.

அடுத்தது தூண்டில். ஐயா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிற மாதிரி. அதுக்கு டிவியே வந்துச்சு மேடம்! பின்னாடி டொய்ங் டொய்ங்னு மியூசிக்கெல்லாம் போட்டு, ஐயா தலைக்கு மேல ஒரு மீன் குதிக்கிற மாதிரி வரைஞ்சிருந்தாங்க. நாங்க பத்துப் பேர் எங்க வீட்டுல உட்கார்ந்து கைதட்டிட்டுப் பார்த்தோம். ஐயா நின்னுட்டே பார்த்தாரு. முடிஞ்சதும், "மோட்டாரைப் பத்தி ஒண்ணும் வரலையே அம்மிணி"ன்னாரு. "டிவியில இருபது செகண்டுதானுங்களே ஐயா"ன்னு நான் சொன்னேன். செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டாரு. வெக்கப்படறாருன்னு நினைச்சேன்.

அதுக்கப்புறம் பிடிச்சுதுங்க. தண்ணியில நாத்து நட்டாரு. தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சு அதுலயே குளிச்சாரு. சீயக்காய் நான்தான் அரைச்சுக் கொடுத்தேன். வியாழக்கிழமை ஆனாப் போதும், நாகமாணிக்கம் அண்ணன் போன் பண்ணிருவாரு: "அம்மிணி, இந்த வாரம் ஐயா என்ன செய்யறாரு?" பதினோரு வருசமா யார் என்னன்னு கேட்காத மனுசனை வாராவாரம் கேட்கறாங்கன்னா சும்மாவா? பள்ளிக்கூடத்துக் குழந்தைங்க "மீன் தாத்தா, மீன் தாத்தா"ன்னு பின்னாடியே ஓடுதுங்க. ஐயாவோட தங்கச்சி பையன் கல்யாணத்துல எல்லாரும் மாப்பிள்ளையை விட்டுட்டு ஐயாகூட நின்னு போட்டோ எடுத்தாங்க. "தூண்டில் எடுத்துட்டு வரலையா?"ன்னு ஒருத்தரு கேட்டாரு. ஐயா பந்தியில உட்காராமலே வந்துட்டாருங்களாமா. கூட்டம் அப்படி.

இடையில ஒரு நாள் ஐயா ஒரு பிடிவாதம் பிடிச்சாரு மேடம். ஆர்.டி.ஐ.யில எழுதிக் கேட்டதுக்குப் பதில் வந்துருச்சு. மோட்டார் வச்ச தேதி, வச்சவன் கையெழுத்து, சரியா ஓடுதுன்னு சான்று கொடுத்தவங்க கையெழுத்து, எல்லாம் அதுல இருக்குது. "இனிமே கூத்து வேண்டாம் அம்மிணி. இது ஒண்ணு போதும்"னு பிரஸ்காரங்களைக் கூப்பிடச் சொன்னாரு. கூப்பிட்டேன். பதினாலு பேரு வந்தாங்க மேடம், பதினாலு! மண்டபத்துக்காரரு சேர் பத்தாம பக்கத்துல வாங்கிட்டு வந்தாரு. ஐயா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டுப் பேப்பரை எடுத்தாரு. அஞ்சு நிமிசம் படிச்சிருப்பாரு. முன்னாடி இருந்த ஒரு பையன் கேமராவை இறக்கிட்டு, "ஐயா, இன்னைக்கு என்னங்க ஸ்பெஷல்?"னு கேட்டான்.

"இதுதாந்தம்பி" அப்படின்னு பேப்பரைக் காட்டினாரு.

"அது சரிங்க. படத்துக்கு?"

"படம் இல்லை."

அவ்வளவுதான். ஒவ்வொருத்தரா எழுந்திரிச்சாங்க. இவனோட நீச்சல் ட்யூப் பையில இருந்துச்சு, அதை எடுத்து, "ஐயா, இதைக் கழுத்துல மாட்டிட்டு அந்தப் பேப்பரையே படிங்க"ன்னேன். மனுசன் கேட்கலை. மறுநாள் தலைப்பு என்ன தெரியுங்களா? "தூண்டில் தலைவருக்கு என்ன ஆச்சு? நிருபர்கள் ஏமாற்றம்." எப்படியோ பேர் வந்துச்சுன்னு வைங்க. ஆனா பிடிவாதத்தால ஒரு வாரம் வீணாப் போச்சுங்களே. அந்த வாரமும் தர்ஷிகா தண்டவாளம் தாண்டித்தான் போனா.

இருங்க, இவன் எங்க போறான்... டேய், கோழிகிட்டப் போகாத, கொத்திப்புடும்.

அப்புறம் வந்துதுங்க அந்தப் பெரிய மழை. விடியக்காலையில நின்னுது. பத்து மணி இருக்கும், நான் துணி காயப்போட்டுட்டு இருக்கேன், ஐயா ஒத்தையில சுரங்கப்பாதைக்குள்ள இறங்கறாரு. கையில அளவு குச்சி. பிளாஸ்டிக் கவர்ல சுத்தின போனு. எனக்கு ஒரே சந்தோசம். எங்கிட்டச் சொல்லாமலே ஐயா ஒரு ஐடியா வச்சிருக்காரு பாருன்னு நினைச்சேன். உடனே நாகமாணிக்கம் அண்ணனுக்குப் போன் போட்டேன். "சீக்கிரம் வாங்கண்ணா, ஐயா இறங்கிட்டாரு!" அப்படியே தண்டவாளத்து மேட்டுக்கு ஓடினேன். ஓடிக்கிட்டே செய்தியையும் டைப் பண்ணி அனுப்பிட்டேன். "தேங்கிய நீரில் மூழ்கி நூதனப் போராட்டம்"னு.

அண்ணனும் இன்னும் மூணு பேரும் பத்தே நிமிசத்துல வந்துட்டாங்க. ஐயா நெஞ்சளவு தண்ணியில அந்த மோட்டார் மேடைகிட்ட நிக்கறாரு. குச்சியை விட்டு ஆழம் பார்க்கறாரு. திடீர்னு ஆளைக் காணோம். ரெண்டு கை மட்டும் மேல வருது. போகுது. தலை வருது, வாயைத் திறக்கறாரு, போகுது. என்னா நடிப்பு மேடம்! மேட்டு மேல இருந்த ஜனமெல்லாம் கைதட்டுது. கேமராக்காரங்க முண்டியடிக்கறாங்க. ஒருத்தரு, "ஐயா, இன்னொரு தடவை!"ங்கறாரு. நான் கத்தினேன், "ஐயா, இந்தப் பக்கம் திரும்புங்க! வெளிச்சம் இந்தப் பக்கம்!"

பாப்பாத்தி அக்கான்னு ஒருத்தி, ஆடு மேய்க்கிறவ, அந்தப் பக்கம் வந்தா. ஒரு நிமிசம் பார்த்தா. ஆடு கட்டற கயித்தை வீசிட்டு, தண்ணிக்குள்ள இறங்கிட்டா. இழுத்துப் போட்டுட்டு என்னைப் பார்த்து, "ஏண்டி, மனுசன் சாகறான், கைதட்டிட்டா நிக்கறீங்க?"ன்னு கேட்டா. அவளுக்குப் பேப்பர் படிக்கிற பழக்கமில்லீங்க. அவளுக்கு என்ன தெரியும்?

ஆனா பாருங்க, அது நிஜமாவே ஆயிருச்சுங்களாமா. மேடைக்குப் பக்கத்துல மோட்டாருக்குன்னு வெட்டின குழி மூடாம இருந்திருக்குது, சேத்துல கால் போயிருக்குது. வயித்துல ஒரு குடம் சேத்துத் தண்ணி. மூணு நாள் ஆஸ்பத்திரி. நான் அழுதேனுங்க, பொய் சொல்லலை. செய்தியை மாத்தலாம்னு நாகமாணிக்கம் அண்ணனுக்குப் போன் பண்ணினா, "போயிருச்சு அம்மிணி, அச்சுக்கே போயிருச்சு, வீடியோவை ரெண்டு லட்சம் பேர் பார்த்துட்டாங்க"ன்னாரு. ரெண்டு லட்சம்! எங்க கட்சிக்கு எலெக்சன்ல விழுந்தது முந்நூத்துச் சில்லறை.

அதுக்குப் பலன் இல்லாம இல்லீங்க. ரெண்டாம் நாளே பெரிய கட்சிக்காரங்க டிராக்டர்ல ஒரு மோட்டாரைக் கொண்டு வந்து இறக்கி, மாலை போட்டு, பொத்தானை அழுத்திப் படம் எடுத்தாங்க. பொழுதோட தண்ணியெல்லாம் வெளியே! பேப்பர்ல முதல் பக்கம். பொழுதோடயே மோட்டாரையும் டிராக்டர்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க, அது வாடகை மோட்டாராமா. அடுத்த மழைக்கு மறுபடி நிறைஞ்சிருச்சு. நீங்கதான் பார்த்தீங்களே. ஆனா தீர்ந்து போன விசயத்துக்கு மறுபடி எப்படி வர்றதுன்னு நாகமாணிக்கம் அண்ணன் கேட்கறாரு. அதுவும் நியாயந்தானுங்களே.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஐயா என்னைக் கூப்பிட்டாரு. திட்டலைங்க. திட்டியிருந்தாத் தேவலை. "அம்மிணி, நீ நல்ல மனசுலதான் செஞ்ச. உன் பிள்ளைக்காகத்தான் செஞ்ச. ஆனா இனிமே ஒரு வரி அனுப்பாதே. பேப்பர்காரங்க யாரும் என் வாசப்படிக்கு வரக்கூடாது. எங்கிட்ட இருக்கிற உண்மையைப் படிக்கிற ஆள் ஒருத்தராச்சும் இருப்பாங்க, நான் எழுதிப் பார்க்கறேன்"னாரு. அதிலிருந்து உள்ளே உட்கார்ந்து கையால எழுதறாரு. ஆறு ஆறு பக்கமா. எங்கெங்கேயோ தபால்ல அனுப்பறாரு. பாவம், வயசாச்சில்லீங்களா. இந்தக் காலத்துல ஆறு பக்கத்தை யார் படிக்கிறாங்க?

என்னங்க மேடம்? அந்தக் கடுதாசியா? அதைப் பார்த்துட்டா மெட்ராஸ்லிருந்து வந்தீங்க?

ஆறு பக்கமும் படிச்சீங்களா?

மோட்டார் மேடையைப் பார்க்கணுமா... இப்பத் தண்ணிக்குள்ள கெடக்குது, மேட்டுல நின்னு இடத்தைக் காட்டறேன். கையெழுத்துப் போட்டவங்க பேரும் வேணுமா? அதெல்லாம் ஐயாகிட்டத்தான் இருக்குது. ஏனுங்க, கேமரா கொண்டு வரலையா? போட்டோகிராபர் பின்னாடி வர்றாங்களா? இல்லையா?

அடப்பாவமே. புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கீங்களாட்டம் இருக்குது. தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், உங்க வயசுதான் எனக்கும், ஆனா இதுல எனக்கு அனுபவம் இருக்குது. வெறும் எழுத்தைக் கொண்டு போனா உங்க ஆபீசுல தூக்கிப் போட்டுருவாங்க. அவ்வளவு தூரத்திலிருந்து வந்துட்டு வெறுங்கையோட போவீங்களா? இருங்க, நான் ஏற்பாடு பண்றேன்.

அதோ, கதவு திறக்குது. துண்டை எடுக்க வர்றாரு. ஐயா! ஐயோவ்! பேப்பர்லிருந்து வந்திருக்காங்க! மெட்ராஸ்லிருந்து! ஒரு படம் எடுக்கணுமாமா, ஐயா!

பார்த்தீங்களா, எப்படிப் பார்க்கறாருன்னு.

சாத்திட்டாரு. தாழ்ப்பாள் போட்ட சத்தம் இங்கே கேட்குது.

மேடம், நில்லுங்க. இதுதானுங்க படம்! "பத்திரிகையாளருக்குக் கதவடைத்துத் தலைவர் நூதனப் போராட்டம்"! இதுவரைக்கும் யாருமே பண்ணினதில்லை. அந்தப் பச்சைக் கதவு முழுசா வரணும், நான் என் போன்லயே எடுத்துத் தர்றேன். நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, நிழல் விழுது. அந்தக் கடுதாசியை எதுக்குங்க கையில எடுக்கறீங்க? எங்கே போறீங்க? ஐயோ மேடம், தட்டாதீங்க. அந்தக் கடுதாசியைப் படிச்சேன்னு சொல்லித் தட்டினீங்கன்னா அவர் திறந்துருவாரு. படம் போயிரும்.